வீடு தஞ்சாவூரில்... வீட்டு வரியின் கடிவாளம் யார் கையில்?

சொத்து வரி ரசீதை மடித்து பீரோவில் வைப்பவர்கள் பலர். அதை ஒருமுறை முழுதாகப் படித்தவர்கள் சிலர்தான். வங்கிக் கடன், பெயர் மாற்றம், வீட்டை விற்கும் பேச்சு என்று தேவை வந்தால்தான் அந்தத் தாள் வெளியே வரும்.

ஆனால், காலையில் குப்பை வண்டி வருவது, இரவில் தெருவிளக்கு எரிவது, ஐப்பசி மழையில் சாக்கடை வழிந்து வாசலுக்கு வராமல் இருப்பது... எல்லாமே அந்த ரசீதில் உள்ள தொகையோடு தொடர்புடையவை. ஒரு மாநகராட்சி தன் பெயரில், தன் ஊர் மக்களிடம் நேரடியாக வாங்கும் வரிகளில் பெரியது இதுதான்.

தஞ்சாவூர் தெற்கு வீதியில் கடை வைத்திருப்பவரும், கும்பகோணத்தில் சொந்த வீட்டில் குடியிருப்பவரும் வரியைத் தங்கள் ஊர் அலுவலகத்தில்தான் கட்டுகிறார்கள். ஆனால், அந்த வரி எப்போது உயரும், எவ்வளவு உயரும் என்பது சென்னையில் முடிவாகிறது. அந்த முடிவுக்கு நிபந்தனை போடுவது டெல்லி. ‘ஏன் ஏத்தினீங்க?’ என்று மக்கள் கேட்பது மட்டும் வார்டு கவுன்சிலரிடம்.

இந்த ஏற்பாட்டால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? டெல்டாவின் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம்.

தீர்வை வேறு, வீட்டு வரி வேறு

நெல் விளையும் பூமியில் வரியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே வரிக் கணக்கு இருக்கிறது. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதில் ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு போன்றவற்றை ‘இறையிலி’ என்று கழித்துவிட்டு, மிச்ச நிலத்துக்கு மட்டும் வரி கணக்கிட்டிருக்கிறார்கள். எதற்கு வரி உண்டு, எதற்கு இல்லை என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட்ட விஷயம்.

முதலாம் குலோத்துங்கனுக்கு ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர். சுங்கத்தை நீக்கியதால் வந்த பெயர் அது. அவன் விட்டுக்கொடுத்தது தன் கஜானாவுக்கு வர வேண்டிய பணத்தை.

இன்றைக்கும் நிலத் தீர்வையில் அதே நியாயம்தான். மேட்டூரில் தண்ணீர் இல்லாமல், மழையும் பொய்த்த ஆண்டுக்குப் பிறகு 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்த தமிழக அரசு, நில வரியைத் தள்ளுபடி செய்தது. நில வரி அரசின் வருமானம். எனவே, தள்ளுபடியின் நஷ்டமும் அரசுக்கே.

வீட்டு வரி அப்படி இல்லை. அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சியின் வருமானம். ‘இப்போது உயர்த்த வேண்டாம்’ என்று மாநில அரசு சொன்னால் நல்ல பெயர் கோட்டைக்குப் போகும். பள்ளம் விழுவது தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி போன்ற ஊர்களின் கணக்குப் புத்தகத்தில். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால், மற்ற எல்லாம் புரிந்துவிடும்.

1866-ல் தொடங்கிய கதை

மதராஸ் மாகாணத்தில் 1865-ம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, 1866-ல் தஞ்சாவூரும் கும்பகோணமும் நகராட்சிகள் ஆயின. இந்தியாவில் உள்ளாட்சிக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தது என்று பேசப்படும் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் வந்தது 1882-ல்தான். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே இந்த இரண்டு ஊர்களிலும் நகராட்சி இருந்தது.

பிறகு 1920-ம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. தமிழக நகராட்சிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தச் சட்டத்தில்தான் ஓடின. 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகே, மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாம் ஒரே சட்டத்தின் கீழ் வந்தன. இதற்கிடையில், தஞ்சாவூர் 2014-லும், கும்பகோணம் 2021-லும் மாநகராட்சிகளாக உயர்ந்தன.

பெயர்ப் பலகை மாறியது. அதிகாரம்? 1993 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் 74-வது அரசியலமைப்புத் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளை அரசியலமைப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. அதில் வரி பற்றிப் பேசுவது 243-எக்ஸ் பிரிவு. நகராட்சிகளுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் ‘அளிக்கலாம்’ என்கிறது அது. ‘அளிக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. எந்த வரி, எந்த நடைமுறை, எந்த வரம்பு என்பதையும் மாநிலமே வகுக்கும். கட்டடம், நிலம் மீதான வரி அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருப்பதால், உள்ளாட்சிக்கு இந்த உரிமை மாநிலம் கொடுத்து வருவதுதான்.

14 ஆண்டு அமைதி... பிறகு ஒரே தாவல்

சென்னையைத் தவிர்த்த மற்ற ஊர்களில் சொத்து வரி 2008-ல் பொதுவாகச் சீராய்வு செய்யப்பட்டது. சென்னையில் அதற்கும் முன்னால், 1998-ல். அதன் பிறகு நீண்ட அமைதி.

2018 ஜூலையில் அரசு ஓர் உயர்வை அறிவித்தது. குடியிருப்புகளுக்கு 50 சதவிகிதம் வரை, மற்ற கட்டடங்களுக்கு 100 சதவிகிதம் வரை. அன்று எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க அதை எதிர்த்துப் போராட்டம் நடத்தியது. அந்த நேரத்தில் தஞ்சாவூரில் மட்டுமல்ல, தமிழகத்தின் எந்த நகரத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. 2011-ல் தேர்வான மன்றங்களின் காலம் 2016 அக்டோபரோடு முடிந்துவிட்டது. தனி அதிகாரிகள்தான் நிர்வாகத்தைப் பார்த்தார்கள். கேள்வி கேட்கக் கவுன்சிலரே இல்லாத காலத்தில் வந்த வரி உயர்வு அது.

அதே ஆண்டு நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தது. வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. தென்னை வருமானத்தை நம்பிப் பிழைக்கும் கடைத்தெருக்கள் எந்த நிலையில் இருந்தன என்று அந்தந்த ஊருக்குத் தெரியும். ‘எங்கள் ஊரில் இந்த ஆண்டு வேண்டாம்’ என்று தீர்மானம் போட அந்த ஊரில் மன்றம் இல்லை.

2019 நவம்பரில் அரசு அந்த உயர்வை நிறுத்திவைத்தது. கூடுதலாகக் கட்டிய தொகை பின்னால் கட்ட வேண்டிய வரியில் கழிக்கப்படும் என்றது. அடுத்த மாதம் ஊரகப் பகுதிகளுக்கு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வரவு செலவுத் திட்டத்தில் அந்த உயர்வைச் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்த நகரங்கள், திரும்பவும் பழைய இடத்துக்கே வந்தன.

2022 பிப்ரவரி 19-ம் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தஞ்சாவூரில் 51 வார்டுகள், கும்பகோணத்தில் 48. தஞ்சாவூருக்கு சண்.இராமநாதன் மேயரானார். கும்பகோணத்தின் முதல் மேயராக ஆட்டோ ஓட்டுநரான க.சரவணன் பதவியேற்றார், தமிழகமே அதைத் திரும்பிப் பார்த்தது. புதிய மன்றங்கள் பொறுப்பேற்று ஒரு மாதம்கூட முழுதாகாத நிலையில், ஏப்ரல் 1-ம் தேதி முதல் சொத்து வரி உயர்வு என்ற அறிவிப்பு சென்னையிலிருந்து வந்தது.

சென்னை தவிர்த்த நகரங்களுக்கு அந்த உயர்வு இப்படி இருந்தது: குடியிருப்புகளில் 600 சதுர அடி வரை 25 சதவிகிதம், 601 முதல் 1,200 வரை 50 சதவிகிதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவிகிதம், அதற்கு மேல் 100 சதவிகிதம். வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவிகிதம். தொழிற்சாலைகளுக்கும் சுயநிதிக் கல்வி நிலையங்களுக்கும் 75 சதவிகிதம்.

மன்றங்கள் கூடித் தீர்மானம் போட்டன. இந்த முறை எதிர்த்துப் போராடியது அ.தி.மு.க. 2018-ல் எதிர்த்தவர்கள் உயர்த்தினார்கள். அன்று உயர்த்தியவர்கள் எதிர்த்தார்கள். இரண்டு முறையும் நகர மன்றத்துக்கு இருந்த இடம் ரொம்பச் சிறியது. சாப்பாட்டுப் பட்டியலை இன்னொருவர் எழுதிவிட்ட பந்தியில் பரிமாற நிற்பவரின் இடம்.

ஒரு வீட்டின் கணக்கு

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் சதுர அடி. 2008-ல் அரையாண்டுக்கு 400 ரூபாய் வரி. 14 ஆண்டுகள் அதே 400 ரூபாய். 2022-ல் 50 சதவிகிதம் கூடி 600 ரூபாய் ஆகிறது.

இதே வீட்டுக்கு 2008-லிருந்து ஆண்டுக்கு வெறும் 3 சதவிகிதம் கூட்டியிருந்தால்? முதல் ஆண்டு 12 ரூபாய்தான் கூடும். கட்டுகிறவருக்கு உறைத்திருக்காது. அப்படியே போனால் 2022-ல் வரி 605 ரூபாயில் வந்து நிற்கும். கிட்டத்தட்ட அதே இடம்!

ஆக, வீட்டுக்காரருக்கு முடிவில் பெரிய லாபம் எதுவும் இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் மிச்சமான பணம், மொத்தமாகப் பார்த்தால் ஏறக்குறைய 2,470 ரூபாய். ஆண்டுக்கு 200 ரூபாய்கூட வராது. ஆனால், இப்படி 10,000 வீடுகள் இருந்தால் நகரம் இழந்தது ஏறக்குறைய 2 கோடியே 47 லட்சம் ரூபாய். கடைகளையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

அந்த 14 ஆண்டுகளில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. குப்பை லாரிக்கு ஊற்றும் டீசல், தெருவிளக்குக்கான மின்கட்டணம், குழாய்ப் பதிப்புக்கான இரும்பு எல்லாம் ஏறின. அரசு ஊதிய உயர்வு அறிவித்தால், அது மாநகராட்சி ஊழியருக்கும் கொடுத்தாக வேண்டும். செலவு ஏறிக்கொண்டே இருக்க, வரியின் விகிதம் மட்டும் அசையவில்லை.

அப்படியானால் நகரம் என்ன செய்யும்? செலவைத் தள்ளிப்போடும். தூர் வாராத வடிகால், நிரந்தரப் பணியாளருக்குப் பதில் ஒப்பந்தத் தொழிலாளர், நிறைந்து வழியும் குப்பைக் கிடங்கு... இவையெல்லாம் ரசீதில் வராத வரிகள். தஞ்சாவூரில் ஜெபமாலைபுரம் குப்பைக் கிடங்கைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் அந்த வரியைப் புகையாகவே கட்டியிருக்கிறார்கள்.

வசதி உள்ளவர் வடிகட்டும் இயந்திரம் வாங்கிக் குடிநீர் பிரச்னையைத் தீர்த்துக்கொள்வார். இல்லாதவர்தான் நகராட்சிக் குழாயை நம்பி நிற்பார். வரி உயராமல் இருப்பதை ஏழைக்கான சலுகை என்று மட்டும் பார்த்தால் கணக்கு முழுமையாகாது.

டெல்லி போட்ட நிபந்தனை

2022-ல் மாநில அரசு சொன்ன முக்கியக் காரணம், 15-வது நிதிக் குழு. என்.கே.சிங் தலைமையிலான அந்தக் குழு, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு நாடு முழுவதும் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி ரூபாய் மானியத்தைப் பரிந்துரைத்தது. கூடவே நிபந்தனையும் வைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவிக்க வேண்டும். மாநிலத்தின் மொத்த உற்பத்தி வளரும் வேகத்துக்கு ஏற்ப வரி வசூலும் வளர வேண்டும். தணிக்கை செய்த கணக்கை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடவும் வேண்டும்.

மாநிலம் ‘ஏற்றாதே’ என்று பிடித்து நிறுத்தியது ஒரு காலம். ‘ஏற்று, இல்லாவிட்டால் மானியம் இல்லை’ என்று மேலிருந்து தள்ளியது அடுத்த காலம். இரண்டிலும் தஞ்சாவூர் மன்றத்தின் வேலை, வந்த கடிதத்தைத் தீர்மானமாக மாற்றுவது.

2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 6 சதவிகித உயர்வு என்ற தீர்மானத்தைச் சென்னை மாநகராட்சி மன்றம் நிறைவேற்றியது. மற்ற நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் இந்த 6 சதவிகிதக் கணக்கு வந்தது. திடீர் தாவலுக்குப் பதில் படிப்படியான உயர்வு என்ற வகையில் இது சரியான திசைதான். ஆனால், ஆண்டுதோறும் 6 சதவிகிதம் என்று விடாமல் ஏறினால், 12 ஆண்டுகளில் வரி இரட்டிப்பாகும். மேட்டூர் திறக்காத ஆண்டிலும், புயல் அடித்த ஆண்டிலும் அதே 6 தானா என்ற கேள்விக்கு ஊர் மன்றத்திடம் பதில் கிடையாது.

கோயில் நகரங்களின் தனிக் கஷ்டம்

டெல்டா நகரங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஊரின் பெருமை எதுவோ, அதற்கு வரி கிடையாது.

வழிபாட்டு இடங்களுக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. தெருவுக்குத் தெரு கோயில் இருக்கும் கும்பகோணத்தில், வரி இல்லாத இடம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி 1,40,156 பேர் வாழ்ந்த ஊர் அது. மகாமகத்துக்கு வருவது பல லட்சம் பேர். 2016-ல் நடந்தது, அடுத்தது 2028-ல். திருவிழாவுக்கு அரசு தனி நிதி கொடுக்கும். ஆனால், மகாமகம் இல்லாத நாட்களிலும் சுற்றுலா வாகனங்கள் வருகின்றன, குப்பை சேர்கிறது, கழிப்பறைகள் தேவைப்படுகின்றன. அந்த அன்றாடச் செலவு உள்ளூர் வீடுகளும் கடைகளும் கட்டும் வரியிலிருந்துதான் போக வேண்டும்.

தஞ்சாவூரில் 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமான பெரிய கோயில் இருக்கிறது. அத்துடன் ரயில் நிலையம், விமானப்படைத் தளம் என்று மத்திய அரசின் சொத்துகள். அரசியலமைப்பின் 285-வது பிரிவு, மத்திய அரசின் சொத்துக்கு உள்ளூர் வரியிலிருந்து விலக்கு தருகிறது. குஜராத்தின் ராஜ்கோட் உள்ளிட்ட மாநகராட்சிகள் தொடுத்த வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழி பிறந்தது. வரி இல்லாவிட்டாலும், பெறும் வசதிகளுக்கு ஏற்ப, கட்ட வேண்டிய வரியில் 75, 50 அல்லது 33⅓ சதவிகிதத்தைச் சேவைக் கட்டணமாக மத்திய அரசுத் துறைகள் தர வேண்டும் என்பதே அது.

பெரிய தொழிற்சாலைகளைக் கொண்டுவந்து வரி வருமானத்தைப் பெருக்கலாம் என்றால், அதற்கும் டெல்டாவில் எல்லை உண்டு. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், ஹைட்ரோகார்பன் கிணறு போன்ற புதிய திட்டங்களுக்கு இங்கே தடை போட்டது. நெல் வயலைக் காப்பாற்ற வேண்டும் என்று ஊரே கேட்டு வாங்கிய சட்டம் அது. அதன் மறுபக்கம், டெல்டா நகரங்களின் வருமானம் வீடுகள், கடைகள், கல்யாண மண்டபங்கள், அரிசி ஆலைகள் ஆகியவற்றை நம்பியே இருக்கும் என்பது. கோயம்புத்தூருக்கும் ஓசூருக்கும் பொருந்தும் உயர்வு விகிதம் மன்னார்குடிக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

மற்ற வருமான வழிகளும் சுருங்கிவிட்டன. விளம்பர வரி 2017-ல் ஜி.எஸ்.டி-க்குள் கரைந்தது. தொழில் வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1988-ல் எழுதிய தொகை அது. அன்றைக்கு 2,500 ரூபாய் ஒரு நல்ல உத்தியோகத்தின் மாதச் சம்பளம். இன்றைக்கும் வரம்பு அதே 2,500 தான்.

வரம்பே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. வரம்புக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன.

ஓய்வூதியத்தில் வாழும் முதிய தம்பதிக்கு வீடு சொந்தம். ஆனால், மாத வருமானம் குறைவு. தெருவின் மதிப்பு ஏறிவிட்டது என்பதற்காக அவர்களிடம் அள்ளி வாங்க முடியாது. உள்ளூர்ச் செல்வாக்கு உள்ளவரின் மண்டபத்துக்குக் குறைவாகவும், மற்றவருக்கு அதிகமாகவும் வரி போடும் ஆபத்தும் உண்டு. ஒரே மாதிரியான விதி அதைத் தடுக்கும். இன்னொரு உண்மையும் இருக்கிறது. முழுச் சுதந்திரம் கொடுத்தாலும் பல மன்றங்கள் வரியைத் தொடாது. தினமும் டீக்கடையில் முகம் பார்க்கும் ஆட்களிடம் வரி ஏற்றுவது எந்தக் கவுன்சிலருக்கும் எளிதல்ல.

எனவே, வரம்பு வேண்டும். அது எப்படிப்பட்ட வரம்பு என்பதில்தான் விஷயம். அமெரிக்காவில் இதை இரண்டு விதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

கலிஃபோர்னியா மாநில மக்கள் 1978-ல் வாக்களித்து ஒரு வரம்பு கொண்டுவந்தார்கள். வீட்டு மதிப்பில் 1 சதவிகிதத்துக்கு மேல் வரி கூடாது. அந்த மதிப்பும் வீடு கைமாறும் வரை ஆண்டுக்கு 2 சதவிகிதத்துக்கு மேல் ஏறாது. பழைய குடும்பங்கள் தப்பித்தன. ஆனால், பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரே அளவு வீட்டுக்குப் பல மடங்கு வித்தியாசமாக வரி கட்டும் நிலை வந்தது. நகரங்கள் மாநில அரசின் கையை எதிர்பார்க்கத் தொடங்கின.

மாசசூசெட்ஸ் மாநிலம் 1980-ல் ‘இரண்டரை’ என்று பெயர் பெற்ற வரம்பைக் கொண்டுவந்தது. ஓர் ஊரின் மொத்தச் சொத்து வரி வசூல், புதுக் கட்டடங்கள் நீங்கலாக, ஆண்டுக்கு 2.5 சதவிகிதத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஆனால், அதில் ஒரு கதவு உண்டு. பள்ளிக்கோ சாலைக்கோ கூடுதல் பணம் வேண்டும் என்றால், ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி வரம்பைத் தாண்டலாம். ‘எதற்கு, எவ்வளவு’ என்று ஊரிடம் சொல்லி, ஊரின் சம்மதத்தோடு ஏற்றலாம். மாநிலத்தின் வரம்பும் இருக்கிறது. ஊரின் உரிமையும் இருக்கிறது.

நம் பக்கத்தில் மும்பையைப் பார்க்கலாம். 2022-ல் 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்குச் சொத்து வரி இல்லை என்று மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. சிறிய வீட்டுக்காரருக்கு நல்ல செய்தி. ஆனால், குறைந்தது மாநகராட்சியின் வருமானம். மீண்டும் அதே கேள்விதான்: விட்டுக்கொடுப்பது யார், இழப்பது யார்?

தமிழகத்தில் மாநில நிதிக் குழுவின் பரிந்துரைப்படி, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் சுமார் 10 சதவிகிதம் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. வரி உயர்வை மாநிலம் ஓராண்டு நிறுத்திவைத்தால், அதனால் நகரம் இழக்கும் தொகையை அந்தப் பங்குக்கு மேல் மாநிலமே ஈடுகட்டட்டும். ஆண்டுக்கு இத்தனை முதல் இத்தனை சதவிகிதம் வரை என்று ஓர் எல்லையை மாநிலம் வகுத்து, நடுவில் எங்கே நிற்பது என்பதை ஊர் மன்றம் முடிவு செய்யட்டும். இந்த இரண்டும் பெரிய புரட்சி அல்ல. சட்டத் திருத்தத்தால் செய்யக்கூடியவை.

வயலோரம் நகர்ந்துவரும் நகரம்

தஞ்சாவூரைச் சுற்றிலும் வயல்கள் மனைகளாகிக்கொண்டே போகின்றன. மனை வீடாகும்போது, நகரத்தின் வரிக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு வரும். 2025-ன் தொடக்கத்தில், நகரங்களை ஒட்டிய பல ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைக்கும் முன்மொழிவை மாநில அரசு வெளியிட்டபோது, பல மாவட்டங்களில் கிராம மக்கள் எதிர்த்தார்கள்.

அவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, வீட்டு வரி கூடும். இரண்டு, நூறு நாள் வேலை போய்விடும். அது கிராமங்களுக்கு மட்டுமான திட்டம். நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் இடைப்பட்ட நாட்களை அந்தக் கூலியால் ஓட்டும் குடும்பத்துக்கு, நகரத்தோடு சேர்வது என்பது வரவு குறைந்து செலவு கூடுவது. சாலையும் சாக்கடையும் வந்து சேர ஆண்டுகள் ஆகும். வரி கேட்பு முன்னாலேயே வந்துவிடும் என்பது அவர்கள் பயம்.

கிராமத்தில் இன்னொன்றும் இருக்கிறது: கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூடி, வரவு செலவைக் கேட்கலாம். நகரத்தில் அதற்கு இணையாக ‘பகுதி சபை’ வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1-ம் தேதி உள்ளாட்சி தினத்தன்று தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

நீங்கள் பார்க்க வேண்டியவை

* உங்கள் வரிக் கேட்பில் உள்ள சதுர அடி, தெருவின் வகை, பயன்பாடு (குடியிருப்பா, வணிகமா) மூன்றும் சரியா என்று பாருங்கள். விகிதத்தை உங்களால் மாற்ற முடியாது; தவறான அளவை மாற்ற முடியும். ஆணையரிடம் எழுத்துபூர்வமாக ஆட்சேபம் கொடுக்கலாம். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

* வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவிகிதம் ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவிகிதம் வட்டி சேரும். டெல்டாவில் அக்டோபர் என்றால் குறுவை அறுவடையும் தீபாவளிச் செலவும் ஒன்றாக வரும் காலம். முன்பே எடுத்துவைப்பது நல்லது.

* ரசீதில் நூலக வரியைக் கவனியுங்கள். சொத்து வரியில் 10 சதவிகிதம் பொது நூலகங்களுக்காக வசூலாகிறது. 1948-ம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தில் பிறந்த வரி அது. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட நூலகத் தந்தை எஸ்.ஆர்.அரங்கநாதன் டெல்டாக்காரர்தான்; சீர்காழியில் பிறந்தவர். எதற்காக வாங்குகிறோம் என்று பெயர் சொல்லி வாங்கும் வரிக்கு நல்ல உதாரணம் இது.

* மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் ஆண்டுதோறும் மன்றத்தில் தாக்கலாகிறது. சொந்த வரி எவ்வளவு, மாநிலப் பங்கு எவ்வளவு, மத்திய மானியம் எவ்வளவு என்ற மூன்று எண்களை மட்டும் உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். ஊரின் சொந்தக் கால் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

* பகுதி சபை எப்போது, எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது ரசீதையும் எடுத்துப் போங்கள்.

தஞ்சாவூரும் கும்பகோணமும் நகராட்சிகளாகி 160 ஆண்டுகள் ஆகின்றன. முதலில் கலெக்டர் சொன்னபடி வரி வாங்கின. இப்போது கோட்டையிலிருந்து வரும் அரசாணைப்படி வாங்குகின்றன. வாக்குச் சீட்டு மட்டும் வார்டுக்கு வந்திருக்கிறது. அந்த வாக்கில் தேர்வாகும் மன்றத்துக்கு, தன் ஊரின் அறுவடையையும் புயலையும் பார்த்து அரை சதவிகிதத்தையாவது கூட்டவோ குறைக்கவோ உரிமை இருந்தால், ‘ஏன் ஏத்தினீங்க?’ என்று கவுன்சிலரிடம் கேட்பதில் அர்த்தம் இருக்கும். அவரிடமும் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கும்.